படுத்துக்கொண்ட மலை

"என் புல்வெளி போன வருடத்தைவிடத் தட்டையாகிவிட்டதாம்,
உங்கள் கடிதம் சொல்கிறது.
ராத்திரியோடு ராத்திரியாக மலை படுத்துக்கொண்டதா?"
தொலைபேசியில் ஸிங்கா. சிரிக்கவில்லை.

ஐம்பது சதவிகிதச் சரிவைத் தாண்டினால் உதவித்தொகை.
ஸ்லோவேனியாவின் இந்த ஒடுங்கிய பள்ளத்தாக்கில்
பால் பணம் தீவனத்துக்கே போய்விடும்;
குளிர்காலம் அந்தத் தொகையில்தான் கழியும்.
ஐம்பது என்பது பாதி மலை அல்ல.
நூறு மீட்டர் குறுக்கே போனால் ஐம்பது மீட்டர் ஏற்றம்,
கோணத்தில் இருபத்தாறரை டிகிரி.
கணுக்காலைக் கேட்டால் வேறு கணக்கு.

என் மேசையில் அதே புல்வெளி மூன்றாக இருக்கிறது.
முதல் மாதிரி இருபத்தைந்து மீட்டர்க் கட்டங்களால் ஆனது.
ஒவ்வொரு கட்டமும் அண்டை வீட்டார் எட்டுப் பேரின்
உயரத்தை விசாரித்துவிட்டுத்தான்
தன் சரிவைச் சொல்லும்.
நாற்பத்தாறு என்றது.
இரண்டாவது விமானப் படங்களில் பிறந்தது, பன்னிரண்டரை மீட்டர்:
நாற்பத்தொன்பது புள்ளி மூன்று.
அந்தப் புள்ளி மூன்றைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்.
மூன்றாவது லேசர். மீட்டருக்கு ஒரு கட்டம்.
கொட்டகையின் அடிக்கல், புதைந்த பாறையின் முதுகு,
தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் மாட்டுத் தடம்,
எதையும் விடாது.
ஒரு கட்டம் எட்டு, ஒட்டிய கட்டம் நூற்றிருபது.
கேட்ட கேள்வியை விட்டுவிட்டு
ஊர்க்கதை முழுக்கச் சொல்லும் சாட்சி.
சராசரி ஐம்பத்தெட்டு.

சரிவு என்ற சொல்லுக்குள் ஒரு சரி உட்கார்ந்திருக்கிறது.
மூன்றில் எதற்குள் என்றுதான் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை நேரில் போனேன். மழை.
மேல் வளைவில் என் கார் வாய்க்காலுக்குள் இறங்கியது.
லுட்விக் டிராக்டரில் வந்தான்,
சங்கிலி மாட்டி இழுத்தான், காசு வேண்டாம் என்றான்,
"ஸிங்காவுக்கு நல்லபடியாகச் செய்துகொடுங்கள்" என்றான்.

ஸிங்கா முள்சக்கர இயந்திரத்தைக் காட்டினாள்.
"இங்கே கைப்பிடியை விட்டால் கீழே சாலையில் போய்த்தான் நிற்கும்.
ஒருமுறை நின்றது. தபால் வண்டிக்கு எதிரே."

சாலை.
அவள் புல்வெளி நாடா மாதிரி, அகலம் முப்பது மீட்டர்.
அதன் ஓரம் முழுக்கச் சாலை,
பலகை போல.
பெரிய கட்டம் ஒவ்வொன்றும் கொஞ்சம் புல்லையும் கொஞ்சம் தாரையும்
சேர்த்துக் கரைத்துவிட்டிருந்தது,
மோரில் தண்ணீர் விட்டுக்கொண்டே போனதுபோல.

திரும்பி வந்து லேசரின் வாயைக் கொஞ்சம் அடக்கினேன்.
ஐந்து மீட்டருக்குச் சராசரியாக்கி,
ஓரக் கட்டங்களை வெட்டி, மறுபடி கணக்கிட்டேன்.
ஐம்பத்தைந்து.
ஒருத்திக்கு மட்டும் மாதிரியை மாற்ற முடியாது,
விடை பிடித்திருக்கிறது என்பதற்காக அளவுகோலை எடுக்கக்கூடாது.
பள்ளத்தாக்கு முழுவதையும் ஓடவிட்டேன்,
முந்நூற்றுப் பன்னிரண்டு புல்வெளிகள், விடியும்வரை.

பெரும்பாலும் அங்கே ஒன்று கூடியது, இங்கே ஒன்று குறைந்தது.
இருநூற்று நாற்பதாவது லுட்விக்கினுடையது.
அறுபத்தொன்று இருந்த இடத்தில்
முப்பத்துமூன்று.

தவறு தேடினேன். ஆசையோடு தேடினேன்.
அவன் புல்வெளி செங்குத்துப் பாறையின் காலடியில் ஒரு தட்டு.
பழைய கட்டங்கள் பாறையில் பாதியும் புல்லில் பாதியுமாக நின்று
பத்து வருடமாகப்
பாறையின் செங்குத்தை அவனுக்குக் கடன் கொடுத்துவந்தன.
அவனுக்குத் தெரியாதா?
மதியச் சாப்பாட்டுக்குப் பின்
அந்தத் தட்டில்தான் மல்லாந்து படுப்பான்,
தொப்பி உருளாது.

"ஐந்து மீட்டர் மாதிரியைப் பரிந்துரைக்கிறேன்."
கையெழுத்திட்டேன்.
காரின் பின்பக்கத்தில் அவன் சங்கிலி உரசிய கோடு
இன்னும் துருப்பிடிக்கவில்லை.

அவனுக்கான கடிதத்தில்
தட்டையாகிவிட்டது என்று எழுதாமல்
எப்போதும் தட்டையாகவே இருந்தது என்று எழுதினேன்.
அதுதான் உண்மை.
அடித்துவிட்டு, எண்ணை மட்டும் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை அனுப்பினேன்.
ஸிங்கா உடனே கூப்பிட்டாள்.